பிரம்ம கமலம்: துண்டு நடுவதிலிருந்து பூ விரியும் ராத்திரி வரை

எங்கள் வீட்டுப் பிரம்ம கமலம் முதல் மொட்டு வைத்தது, செடி வீட்டுக்கு வந்த நான்காவது வருடத்தில். அதில் பாதிக் காலம் என் தவறான வளர்ப்பில் போனது. இது ஒரு கள்ளி வகை என்று எங்கோ படித்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, மொட்டை மாடியில் சப்பாத்திக்கள்ளிக்குப் பக்கத்தில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் வைத்தேன். சித்திரை முடிவதற்குள் இலைகள் மஞ்சளாகி, விளிம்பு தீய்ந்து, துவண்டு தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். அடித்தண்டு அழுகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பிழைத்திருந்த ஒரு சாண் துண்டை வெட்டி எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கள்ளிதான், சந்தேகமில்லை. ஆனால் இது மரத்தின் மேல் வாழ்ந்து பழகிய கள்ளி. இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகு மண், தண்ணீர், வெயில் எதிலும் எனக்குக் குழப்பம் வரவில்லை. அதனால் நடுவதற்கு முன் செடியின் சொந்த ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மரக்கிளையில் பிறந்த செடி

தாவரவியலில் இதன் பெயர் எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம். தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பக்கத்துக் காடுகள் இதன் தாயகம். பெரிய மரங்களின் கவட்டையில் சேரும் இலை மக்கு, பாசி, பட்டைத் துகள் இவற்றில் வேர் விட்டு வளரும். புல்லுருவி போல மரத்தின் சாற்றை உறிஞ்சாது. ஆர்க்கிட் போல மரத்தை ஒரு இருப்பிடமாக மட்டும் வைத்துக்கொள்ளும். மேலே இலைகள் அடர்ந்திருப்பதால் நேர் வெயில் படாது, சல்லடையில் சலித்த மாதிரி வெளிச்சம் வரும். மழை அடிக்கடி பெய்யும், ஆனால் கவட்டையில் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். வேருக்கு எப்போதும் காற்று கிடைக்கும். நம் வீட்டுத் தொட்டியில் நாம் செய்ய வேண்டியது இந்தக் கவட்டையை உண்டாக்குவதுதான்.

நாம் இலை என்று சொல்வது இலையும் இல்லை, தட்டையான தண்டு. விளிம்பில் அலை அலையாகப் பள்ளங்கள் தெரியும் அல்லவா, புதுத் துளிரும் மொட்டும் அந்தப் பள்ளத்திலிருந்துதான் வரும். எபிஃபில்லம் என்ற கிரேக்கச் சொல்லுக்கே ‘இலையின் மேல்’ என்று பொருள். பூ இலையிலிருந்து முளைப்பதாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

பெயர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேதார்நாத், பத்ரிநாத் கோயில்களில் சாமிக்குச் சாத்தும் பிரம்ம கமலம் வேறு செடி. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, இமயமலையில் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் வளர்வது, உத்தராகண்ட் மாநிலத்தின் மலர். நம் தொட்டியில் வளரவே வளராது. நம் ஊரில் பிரம்ம கமலம் என்றும் நிஷாகந்தி என்றும் வழங்கும் இந்தக் கள்ளிக்கு இலங்கையில் கடுபுல் என்று பெயர். சீனர்கள் தான்ஹுவா என்கிறார்கள். சட்டென்று தோன்றி மறையும் எதையும் ‘தான்ஹுவா பூத்த மாதிரி’ என்று சொல்வது அவர்கள் பேச்சு வழக்கு.

இலங்கை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கள்ளிக் குடும்பம் முழுவதுமே அமெரிக்கக் கண்டங்களின் சொத்து. விதிவிலக்கு ஒரே ஒரு இனம்தான்: ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. அது ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் காட்டில் தானாக வளர்கிறது. கயிறு கயிறாகத் தொங்கும் அதுவும் மரத்தில் தொற்றி வாழும் கள்ளியே.

துண்டு தேர்ந்தெடுப்பது

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் தெருவில் விசாரியுங்கள். இந்தச் செடி கைமாறிக் கைமாறித்தான் பரவியிருக்கிறது. நன்றாகப் பூத்துக்கொண்டிருக்கும் செடியிலிருந்து துண்டு கேளுங்கள். முற்றிய, தடிமனான, கரும்பச்சைத் தட்டைத் தண்டாக இருக்க வேண்டும். தளதளவென்று வெளிர்பச்சையில் இருக்கும் இளந்துளிர் சீக்கிரம் அழுகும், பூக்கவும் அதிக நாள் எடுக்கும்.

நீளம் 15 முதல் 20 செ.மீ. போதும். கத்தியைச் சாராயத்திலோ சானிடைசரிலோ துடைத்துவிட்டு ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டியவுடன், எந்த முனை மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மேல் எது, கீழ் எது என்று தெரியாது. தலைகீழாக நட்டால் சரியாக வளராது.

அப்புறம் பலரும் அவசரப்படும் இடம் வருகிறது. வெட்டிய துண்டை உடனே நடக்கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் அப்படியே போட்டு வையுங்கள். மழைக்காலமாக இருந்தால் பத்து நாள். வெட்டுவாய் காய்ந்து, தோல் மூடிய மாதிரி வெளிறிக் கெட்டியாகும். அந்தத் தோல்தான் அழுகலுக்குக் காவல். துண்டு லேசாகச் சுருங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம், தண்டில் போதுமான நீர் இருக்கிறது.

மண் கலவை

வெறும் செம்மண் வேண்டாம். தொட்டியில் இறுகி, அடியில் சேறாக நிற்கும். வெறும் ஆற்று மணலும் சரிப்படாது, கோடையில் ஒரே நாளில் காய்ந்து வேரைச் சுட்டுவிடும். நான் இப்போது போடுவது இதுதான்:

தேங்காய் மட்டையைக் கட்டை விரல் நகம் அளவுக்கு நறுக்கிய துண்டுகள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, செங்கல் உடைத்த சிறு துண்டுகளோ பெர்லைட்டோ (நர்சரியில் கிடைக்கும், எடையில்லாத வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. அதோடு ஒரு கைப்பிடி அடுப்புக்கரித் துண்டு.

மட்டைத் துண்டுகளை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, சாயத் தண்ணீரை இரண்டு மூன்று முறை கொட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும், இளம் வேருக்கு ஆகாது. இந்தச் செடிக்கு லேசான புளிப்புத் தன்மையுள்ள மண் பிடிக்கும், அமிலநிலை (pH) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. அதனால் சுண்ணாம்பு, சாம்பல் எதையும் சேர்க்காதீர்கள்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. தொட்டியில் நிரப்பி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் அடியில் ஒழுக ஆரம்பிக்க வேண்டும். மேலே குளம் போல நின்றால் இன்னும் மட்டைத் துண்டு சேருங்கள்.

நடுவது

தொட்டி பெரிதாக இருந்தால் செடி பெரிதாகும் என்று நினைப்போம். இதற்கு அது பொருந்தாது. வேர் நெருக்கமாக இருக்கும்போதுதான் நன்றாகப் பூக்கிறது. ஆரம்பத்தில் 6 அங்குலத் தொட்டி, இரண்டு வருடம் கழித்து 8 அல்லது 10 அங்குலம். மண் தொட்டியோ சிமென்ட் தொட்டியோ நல்லது, காற்றில் சாயாது. தொங்கும் தொட்டியிலும் அழகாக வளரும்.

ஒரே தொட்டியில் மூன்று துண்டுகளை வட்டமாக வைத்தால் சீக்கிரம் புதராகும். காய்ந்த முனையை 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் செருகி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, வாழை நாரால் லேசாகக் கட்டிவிடுங்கள். ஆட்டம் இருந்தால் வேர் பிடிக்காது. கலவை லேசாக ஈரமாக இருந்தால் போதும், முதல் மூன்று நான்கு நாள் தண்ணீர் வேண்டாம். பிறகு மேல் மண் காயும்போது தெளித்துவிட்டு வாருங்கள். மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் வரும். இழுத்துப் பார்க்காதீர்கள். விளிம்புப் பள்ளத்தில் சிவப்பாக ஒரு துளிர் தெரிந்தால் வேர் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இடம்

எல்லாவற்றையும்விட முக்கியம் இது. நான் செடியை மாடியிலிருந்து இறக்கி, வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் கொய்யா மரத்தடிக்கு மாற்றிய மூன்றே மாதத்தில் மஞ்சள் மறைந்து பச்சை திரும்பியது.

காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கலாம், அது தேவையும்கூட. பத்தரை, பதினொன்றுக்கு மேல் நேர் வெயில் படக்கூடாது. மொட்டை மாடிதான் இருக்கிறது என்றால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கிழக்குப் பார்த்த பால்கனி அருமையான இடம். வீட்டுக்குள் கூடத்து மூலையில் வைத்தால் செடி சாகாது, ஆனால் தண்டுகள் ஒல்லியாகி வெளிச்சத்தைத் தேடி நீளும், பூக்காது. இப்படி ‘பத்து வருடமாக வளர்க்கிறேன், பூக்கவில்லை’ என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். பெரும்பாலும் அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

செடியே வெளிச்சக் கணக்கைச் சொல்லும். தண்டு மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ மாறினால் வெயில் அதிகம். நீளமாக, மெலிந்து, அடர் பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. நடுத்தரப் பச்சையில், சற்றுத் தடிமனாக இருப்பதுதான் சரியான நிலை.

நம் சமவெளியில் மார்கழி, தை மாதக் குளிர் இதற்கு இதமானது. அந்த இரண்டு மாதமும் தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தி, செடியை ஓய்வாக விட்டால் அடுத்த பருவத்தில் மொட்டு அதிகம் வைக்கிறது. ஊட்டி போன்ற இடங்களில் வளர்ப்பவர்கள் பனி விழும் இரவுகளில் கூரைக்குள் எடுத்து வைக்க வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது, உறைபனி பட்டால் தண்டு கூழாகிவிடும்.

தண்ணீர்

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், விரலை விட்டுப் பாருங்கள். மேல் ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் அடியில் ஒழுகும் வரை தாராளமாக ஊற்றலாம்; ஈரம் இருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம். என் தொட்டிக்குக் கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஓய்வு மாதங்களில் எட்டு பத்து நாளுக்கு ஒருமுறை என்று அமைகிறது. தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். விடாமல் பெய்யும் அடைமழையில் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்றால் சில மாதங்களில் மண்ணின் மேல் வெள்ளையாகப் படியும். மழை பெய்யும்போது இரண்டு குடம் பிடித்து வைத்துத் தொட்டியை நன்றாக அலசிவிட்டால் போதும்.

கோடையில் சாயங்காலம் தண்டுகள் மேல் தண்ணீர் தெளிப்பது நல்ல பழக்கம். மற்ற கள்ளிகளைப் போல இதுவும் பகலில் தோலின் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை உள்ளே இழுக்கிறது. அனல் அடங்கிய ஈரக்காற்று அந்த நேரத்தில் கிடைப்பது செடிக்குத் தெம்பு.

உரம்

கொஞ்சம் போதும். மாசி முதல் மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, கடையில் விற்கும் 19:19:19 உரம் இருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். சித்திரையோடு அதை நிறுத்திவிட்டு, சாம்பல்சத்து தரும் சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் இரண்டு மூன்று முறை. யூரியா பக்கம் போகாதீர்கள். தண்டு தளதளவென்று கொழுக்கும், பூ வராது.

கவாத்து: நீளக் குச்சியை வெட்டாதீர்கள்

செடி வளரும்போது அடியிலிருந்து உருண்டையான, சாட்டை போன்ற நீளக் குச்சிகள் கிளம்பும். ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே போகும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலர் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டாம். அந்தக் குச்சியின் பக்கங்களிலும் நுனியிலும்தான் தட்டைத் தண்டுகள் வரும், பூ அவற்றில்தான் பிடிக்கும். மூங்கில் குச்சி நட்டோ ஜன்னல் கம்பியிலோ கட்டிவிடுங்கள். ரொம்ப நீண்டால் நுனியை மட்டும் கிள்ளலாம், பக்கக் கிளை சீக்கிரம் வரும்.

தண்டிலிருந்து தொங்கும் வேர்களையும் விட்டுவிடுங்கள், மரத்தில் பற்றிக்கொள்வதற்காக வளர்ந்த பழக்கம் அது. காய்ந்தது, அழுகியது, பல வருடம் பூத்துச் சுருங்கியது இவற்றை மட்டும் அடியோடு எடுங்கள்.

பூச்சி, அழுகல்

விளிம்புப் பள்ளங்களில் பஞ்சு ஒட்டிய மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. கொஞ்சமாக இருக்கும்போதே சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம். பரவிவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள், வாரம் ஒருமுறை மூன்று வாரம். மழைக்காலத்தில் நத்தை இளந்துளிரையும் மொட்டையும் கடித்துவிடும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துக் கையால் பொறுக்குவதுதான் வழி.

அடித்தண்டு பழுப்பாகிக் கட்டை மாதிரி இறுகுவது முதுமை, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனால்தான் அழுகல். சுத்தமான பச்சை தெரியும் வரை வெட்டி, காயவைத்து, புதுக் கலவையில் நடுங்கள்.

மொட்டு

முற்றிய துண்டு நட்டிருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் மொட்டு எதிர்பார்க்கலாம். கோடை மழை தொடங்கிய பிறகு ஐப்பசி வரைக்கும் பருவம். ‘வருடத்துக்கு ஒரே ஒரு ராத்திரி’ என்று செய்திகளில் வருவது சரியில்லை. ஒவ்வொரு பூவுக்கும் ஒரே ராத்திரிதான் ஆயுள், ஆனால் தேறிய செடி ஒரு பருவத்தில் இரண்டு மூன்று தடவை பூக்கும், ஒரே இரவில் பத்து பதினைந்துகூட விரியும்.

முதலில் பள்ளத்தில் அரிசி அளவுக்குச் செம்பச்சையாக ஒரு புள்ளி. துளிரா மொட்டா என்று ஒரு வாரம் தெரியாது. தட்டையாகப் போனால் துளிர், உருண்டு நீண்டால் மொட்டு. மொட்டு என்று உறுதியானதும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தொட்டியை நகர்த்தாதீர்கள், திருப்பாதீர்கள். இடம் மாறுவது, மண் முழுக்கக் காய்வது, அல்லது தண்ணீர் தேங்குவது இந்த மூன்றில் எது நடந்தாலும் மொட்டு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். ஒரு தடவை விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காகத் தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். ஐந்து மொட்டில் நான்கு மறுவாரமே உதிர்ந்தன. அந்த வருத்தம் ரொம்ப நாள் இருந்தது.

புள்ளியிலிருந்து பூவாக மூன்று நான்கு வாரம் ஆகும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் மொட்டு, கடைசி ஓரிரு நாளில் கொக்கின் கழுத்து போல வளைந்து தலை தூக்கும். பூக்கும் நாள் சாயங்காலம் நுனி உப்பி, வெளிப்புற இளஞ்சிவப்பு இதழ்கள் லேசாக விலகியிருக்கும். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ராத்திரி

எங்கள் முதல் பூ ஆவணி மாதம். ஏழே முக்காலுக்கு நுனியில் சுண்டு விரல் போகும் அளவுக்கு ஒரு துவாரம். மூக்கை வைத்தால்தான் வாசனை. எட்டரைக்கு வெளி இதழ்கள் விரல் விரிப்பது போல விரிய ஆரம்பித்தன. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் பூ சின்னச் சின்ன உதறலாக அசைவது கண்ணுக்கே தெரிந்தது. ஒன்பதரைக்கு வாசனை முற்றம் தாண்டி எதிர்வீடு வரை போய்விட்டது. பதினொன்றுக்கு முழுப் பூ, என் விரித்த கையைவிடப் பெரியது. உள்ளே வெண்ணூல் போல நூற்றுக்கணக்கான மகரந்தக் கம்பிகள், அவற்றின் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி விரிந்த சூலகமுடி. அதைத்தான் ஆதிசேஷன் குடைக்குக் கீழே பெருமாள் படுத்திருப்பதாகப் பார்க்கிறார்கள். அம்மா அகல் ஏற்றித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். எதிர்வீட்டு அக்கா, “என்கிட்ட இருந்து வந்த குழந்தைதானே இது” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அவர் கொடுத்த துண்டுதான்.

இத்தனை வெள்ளையும் வாசனையும் எதற்கு என்றால், அதன் சொந்தக் காட்டில் இருட்டில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகளைக் கூப்பிடுவதற்கு. பூவின் நீளக் குழாயில் நாக்கை விட்டுத் தேன் குடிப்பவை அவை. நம் வீடுகளில் காய் பிடிப்பது அபூர்வம்.

படம் எடுப்பதாக இருந்தால் பத்தரை முதல் பன்னிரண்டு வரை நல்ல நேரம். ஃபிளாஷ் வேண்டாம், பக்கவாட்டில் ஒரு டார்ச் போதும், இதழின் மெல்லிய தன்மை அப்போதுதான் விழும். விடியும்போது பூ தொங்கிவிடும். தானாகக் காய்ந்து உதிரட்டும், தண்டைச் சேர்த்துப் பிய்க்காதீர்கள்.

பூத்த பிறகு, மற்றும் இதன் உறவுக்காரர்கள்

தொட்டி மாற்றவும் துண்டு எடுக்கவும் பூப்பருவம் முடிந்த சமயமே சரி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பழைய கலவையை உதறிவிட்டுப் புதிது போடுங்கள், மட்டை மக்கிக் குழைந்திருக்கும்.

இது கைவந்துவிட்டால் இதே முறையில் இன்னும் சில வளர்க்கலாம். டிராகன் பழக் கொடியும் இரவில் பூக்கும் ஏறுகொடிக் கள்ளிதான். அதற்கு மட்டும் வெயில் அதிகம் வேண்டும், உறுதியான தூணும் வேண்டும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் அதன் காய்ந்த பூவைச் சூப்பில் போடுகிறார்கள். மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியிலிருந்து வந்த மீன்முள் கள்ளி, பெயருக்கேற்ப மீன்முள் போன்ற தண்டுக்காகவே வளர்க்கத் தக்கது. தொங்கும் தொட்டியில் அழகாக இருக்கும், பூக்கப் பொறுமை வேண்டும்.

பூவைப் பார்க்க வந்தவர்கள் கண்டிப்பாகத் துண்டு கேட்பார்கள். முற்றிய தண்டாகப் பார்த்து வெட்டி, மேல் முனையில் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டு, செய்தித்தாளில் சுற்றிக் கொடுங்கள். “ஒரு வாரம் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள்” என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.